அம்மன் ஆரஞ்சுக் கலர் கேட்பதாகப் படம் எடுத்தது குறித்து

அனுப்புநர்
ச. இசக்கித்தாய்,
க/பெ. சங்கிலிபூதத்தான்,
அம்மன் கோவில் தெரு, புளியங்கரைக்குளம்,
அம்பாசமுத்திரம் வட்டம்,
நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: சாமியாடும் பெண்களைச் சினிமாவில் கேலி செய்வதும், அதனால் எங்கள் ஊர் அம்மனுக்கும் எனக்கும் ஏற்பட்டுள்ள குழப்பமும் – ஆடிக் கொடைத் திருவிழாவன்று தாங்கள் நேரில் வர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பீடி சுற்றிப் பிழைப்பவள். கல்யாணமாகி வந்த மறுவருஷம் முதல் எங்கள் ஊர் இசக்கியம்மன் என் மேல்தான் இறங்குகிறாள். இதற்கு நான் விண்ணப்பம் எதுவும் போடவில்லை. அவளாக வந்தாள். ஆடி, குறி சொல்லி, திருநீறு கொடுப்பதோடு சரி. மற்ற நாளில் நானும் எல்லாரையும் போல ரேஷன் வரிசையில்தான் நிற்கிறேன்.

1. கடந்த பங்குனி மாதம், எங்கள் ஊரில் கேபிள் டி.வி. நடத்தும் பெருமாள்ராஜ் ஒரு படம் போட்டார். பெயரை எழுதினால் அதற்கு விளம்பரமாகிவிடும் என்பதால் எழுதவில்லை. அதில் சிரிப்பு நடிகர் ஒருவர் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி ஆடுகிறார். ஆத்தாளுக்கு ஆரஞ்சுக் கலர் வேண்டும் என்று கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, ஏப்பம் விடுகிறார். அந்த ஏப்பத்துக்கு ஒரு ஊரே காலில் விழுகிறது. நானும் பார்த்தேன். ஏப்பம் வந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பெருமாள்ராஜ் அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்து, கரண்டு இருக்கும்போதெல்லாம் போடத் தொடங்கிய பிறகுதான் வயிறு எரிந்தது. (இவ்விடத்தில் ‘மன உளைச்சல்’ என்று எழுதலாம் என்றார் இம்மனுவை எழுதித் தரும் ஐயம்பெருமாள் ஐயா. எரிந்தது வயிறுதான் என்பதால் அப்படியே எழுதச் சொன்னேன்.)

2. சித்திரை மாதச் செவ்வாய்ப் பூசையில் எனக்கு அருள் வந்தபோது கூட்டத்தில் ஒருவன், ‘ஏலே, பைய இருங்கலே, இப்ப ஏப்பம் வரும் பாரு’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வந்த அம்மன் பாதியில் திரும்பிவிட்டாள். பஸ் மாறி ஏறியவளைப் போல நடுவில் நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

3. எங்கள் தெருவில் கோமு என்பவளுக்கு ஆடு காணாமல் போயிற்று. அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மனுக்கு இப்போது கலர்தான் பிடிக்கிறது போலும் என்று நம்பி, ஒரு பாட்டில் நேர்ந்துகொண்டாள். மறுநாள் ஆடு வாழைத்தோட்டத்தில் நின்றது. அது தினமும் அங்கே போகிற ஆடுதான் ஐயா. ஆனாலும் அன்று முதல் பீடத்தில் கலர் பாட்டில் வரத் தொடங்கிவிட்டது. பொங்கல் வைப்பது குறைந்துவிட்டது. பாட்டில் திறக்கும் ஓப்பனரைச் சூலத்தில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அம்மன் முகத்தில் எறும்பு ஊர்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாயால்தான் நேர்ந்துகொள்ளவும் செய்கிறார்கள்.

4. இதுவரை சொன்னது ஊர் செய்தது. இனிச் சொல்வது எனக்கு நேர்ந்தது. வைகாசிச் செவ்வாயன்று அம்மன் முழுதாக இறங்கினாள். அப்போது நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். அவர் பொய் சொல்லமாட்டார். அதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அவரிடம் இல்லை. அன்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அம்மா கலரு கேட்டா, இசக்கி. ஆரஞ்சு’ என்றார். எனக்குக் கலர் ஒத்துக்கொள்ளாது, தொண்டை கட்டிவிடும். அன்று தொண்டை கட்டியிருந்தது. நாக்கில் இனிப்பும் இருந்தது. அன்றிலிருந்து பீடி இலை வெட்டும்போதுகூட இதே யோசனைதான். எல்லாரும் வைத்துப் பழக்கி அம்மனுக்கே பிடித்துப்போயிற்றா, அல்லது என் மேல் வந்தது அந்தப் படமா? படம்தான் என்றால், இத்தனை வருஷமாக வந்தவள் எங்கே போனாள்?

5. இந்நிலையில் கொடைக் கமிட்டித் தலைவர் தளவாய் அண்ணாச்சி, இந்த வருஷம் என்னை ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்ணார்பேட்டையிலிருந்து, அந்த நடிகரைப் போலவே வேஷம் கட்டி ஆடும் ஒருவரைப் பேசியிருக்கிறார்களாம். ‘நீ ஆடுனாலும் சனம் சிரிக்கு, அவன் ஆடுனாலும் சிரிக்கும். அதுக்கு அவனே ஆடட்டுமே தாயி. அவனுக்கு ஏப்பம் நல்லா வருது’ என்று என்னிடமே நியாயம் சொன்னார். காவல் நிலையத்துக்குப் போனேன். சிரித்ததற்கெல்லாம் கேஸ் போட முடியாது, பாதிக்கப்பட்டது அம்மன் என்றால் அம்மனே வந்து புகார் கொடுக்கட்டும் என்றார்கள். அம்மன் வந்தால் ஸ்டேஷன் தாங்காது என்பதால் நான் திரும்பிவிட்டேன்.

கொடையன்று அந்த வேஷக்காரர் நடுவில் ஆட, கூட்டத்தில் நிற்கும் என் மேல் அம்மன் வழக்கம்போல் வந்துவிட்டால் ஒரே கோவிலில் இரண்டு அம்மன் ஆகும். அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று ஐயம்பெருமாள் ஐயா சொல்கிறார். வராமலே போய்விட்டால் அது என் பிரச்சினை. அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

படம் எடுத்தவர்கள் ஆட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். தீச்சட்டி பிடித்த கையில் மறுநாள் பீடி நூல் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியாது. கலர் குடிக்கவா ஐயா நாங்கள் ஆடுகிறோம்? அம்மன் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், புருஷனிடமும் பெற்ற தாயிடமும் சொல்ல முடியாததைச் சொல்லி அழ எங்கள் ஊர்ப் பெண்கள் வருவார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்காது. அவர்கள் அழுத ஈரம் மட்டும் என் தோளில் இருக்கும். சித்திரைக்குப் பிறகு என் தோள் நனையவில்லை. இவ்வளவு பேர் சிரிக்கும்போது நடுவில் வந்து யார் அழுவார்கள்?

ஆகவே ஐயா அவர்கள், என்னையே ஆடவிடும்படி தளவாய் அண்ணாச்சிக்கு ஒரு வரி எழுத வேண்டும். படத்தைத் தடை செய்யும்படி நான் கேட்கவில்லை. வருகிற 13.08.1996 செவ்வாய்க்கிழமை எங்கள் கொடைக்கு வந்து, முன்வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். சுதந்திர தின வேலை இருக்கும் என்று தெரியும். கலெக்டர் முன்னால் எங்கள் ஊரில் யாரும் சிரித்ததில்லை. இதுவரை கலெக்டர் வந்ததும் இல்லை.

அம்மன் இறங்கினால் தங்களையும் ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் பதவி பார்ப்பதில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை தங்களிடம் ஆரஞ்சுக் கலர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கேட்பது அம்மனா, படமா என்று எனக்கும் தெரியாது. சிரிக்காமல் கொடுத்தால் போதும்.

இடம்: கொக்கிரகுளம்
நாள்: 22.07.1996

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்
ச. இசக்கித்தாய்