பதினேழாம் பையில் இருந்த தங்கம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இங்கே நடந்ததை அவளிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

போன மாதம் நீ வேலை பார்க்கும் சுரங்கத்திலிருந்து நாற்பது பை பாறைத்தூள் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது. ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம் என்று நான் சொல்ல வேண்டும். பதினேழாம் பையிலிருந்து இரண்டு பங்கு எடுத்து ஈயத்தோடு உருக்கிப் பார்த்தேன். ஒன்றில் முப்பது கிராம் கணக்கு வந்தது, மற்றதில் ஒன்றுமே இல்லை. என் கைதான் பிசகிவிட்டதோ என்று இன்னும் நான்கு முறை செய்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. மிச்சத் தூளைத் தண்ணீரில் அலசி லென்ஸ் வைத்துப் பார்த்தால், சுருள் சுருளாக அரத்தால் ராவிய நகைத்தூள். சுரங்கத்தில் தங்கம் நிறைய இருப்பதாகக் காட்ட யாரோ கலந்திருக்கிறார்கள். அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூன்று பேர் வந்து கதவைத் தாழிட்டார்கள். உலைக்கூடத்தில் நானும் உலைக்காரரும்தான். அவர்களில் சிவப்புச் சட்டைக்காரன், கலப்படமே இல்லை என்று எழுதிய வேறொரு அறிக்கையை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கக்கா, நாங்க பாட்டுக்குப் போயிடறோம்" என்றான். முடியாது என்றேன். அறைந்தான். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

பிறகு உலைக்காரரைப் பிடித்தார்கள். என் கல்யாணத்தில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினாரே, அவர்தான். அவருடைய வலது கையை உலைக் கதவில் வைத்து அழுத்தினார்கள். "போடாதம்மா" என்று கத்தினார். மறுபடி அழுத்தினார்கள். இந்த முறை அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சிவப்புச் சட்டைக்காரன் தாளை மடித்துக்கொண்டே சிரித்தான். "ரெண்டு தட்டு தட்டினா அக்கா வழிக்கு வந்துடும்னு உங்க தம்பிதான் சொன்னாரு" என்றான்.

உலைக்குள் ஈயம் கொதிக்கும் மூசைக் கிண்ணங்கள் இருந்தன. நீண்ட இடுக்கியால் ஒன்றை எடுத்து அவன்மேல் வீசினேன். கோபத்தில் கை தவறவில்லை தம்பி, குறி பார்த்துத்தான் வீசினேன். வயிற்றிலும் தொடையிலும் கொட்டியது. மற்ற இருவரும் என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்துவிட்டு, அவனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் செத்துப்போனான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம்.

ஜாமீனில் வந்திருக்கிறேன். உலைக்காரருக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை.

போலீஸில் எல்லாவற்றையும் சொன்னேன், அவன் கடைசியாகச் சொன்னதைத் தவிர. உலைக்காரரும் அதைக் கேட்டார். அவரும் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஊரில் தனியாக எங்கும் போகாதே. நீ அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு வரி எழுது. உண்மையாக இல்லாவிட்டாலும் எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா