தேயிலைப் பெட்டியின் தாளம்

அண்ணா,

இன்று பள்ளுருத்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே கேசட் கடையிலிருந்து உன் குரல் வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினேன். நீ இறந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நம்மிடம் இருந்த ஒரே ரெக்கார்டும் மழை ஒழுகிய அலமாரியில் வளைந்து வீணாகிவிட்டது.

கடைக்காரர் கேசட்டைப் பெருமையாகக் காட்டினார். "பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி வந்த ரெக்கார்டாக்கும், சேச்சி. அப்போ ஆரும் வாங்கலை. ஆளு ஒருத்தரையும் கூடச் சேக்க மாட்டாராம். ஒத்தைக்கு இருந்து பாடினது." அட்டையிலும் 'தனிமையைத் தேடிய பாடகன்' என்றே அச்சடித்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயா தனிமையைத் தேடினாய்?

கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன வெளிநாட்டு ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, தமிழில் நீயே பாட்டுக் கட்டினாய். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மட்டாஞ்சேரிக் கடைத்தெரு மாடியில் இருந்த சங்கீத கிளப்புக்குச் சனிக்கிழமைதோறும் போய் நின்றாய். கூட உட்கார ஒரு தபேலாக்காரர், அவ்வளவுதான் கேட்டாய். ஹார்மோனியம் வைக்காமல் அங்கே யாரும் பாடக் கூடாது என்பது வழக்கம். "மோனே, ஹார்மோனியம் இல்லெங்கில் தபலயும் இல்லா" என்றாராம் தலைவர். சபையே சிரித்ததாம். பாட்டுக்காக உயிரை விடுகிற ஊர் என்று பீற்றிக்கொள்கிறவர்கள்! ஒரு கிட்டாருக்கு இடம் கொடுத்தால் மாடி இடிந்தா விழுந்திருக்கும்?

அப்புறம்தான் நீ வேலை பார்த்த தேயிலைக் கிடங்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனாய். இரவல் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒரு காலித் தேயிலைப் பெட்டியை என் முன்னால் கவிழ்த்து வைத்தாய்.

"தட்டுடீ. நீ நிறுத்தினா நானும் நின்னுடுவேன்" என்றாய்.

பெட்டியின் விளிம்புத் தகரம் இரண்டாவது பாட்டில் என் விரல் முட்டியைக் கிழித்தது. நீ பார்த்துக்கொண்டே பாடினாய், நானும் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்த டேப்பை வைத்துத்தான் மதராஸ் கம்பெனி ரெக்கார்டு போட்டது. என் பெயரையும் எழுதி அனுப்பினாய். பெட்டி தட்டியதற்கெல்லாம் பெயரா என்று விட்டுவிட்டார்கள். என்னைவிட நீதான் அதற்கு அதிகம் கொதித்தாய்.

"பாட்டுக்கு நடுவுல டக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், ரெண்டாவது பாட்டுல ரொம்ப" என்றார் கடைக்காரர். "பழைய ரெக்கார்டோட கேடு. அது மட்டும் பொறுத்துக்கோங்க, சேச்சி."

கேடாம்! அன்றைக்குத் துணை தரமாட்டோம் என்று உன்னை விரட்டினார்கள். இன்றைக்கு, இருந்த துணையையும் கேடு என்று சொல்லி உன்னைத் தனியனாக்கி விற்கிறார்கள்.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் முட்டியை மடக்கி அவருடைய மேசையில் தட்டினேன். பாட்டுக்குள்ளிருந்த சத்தமும் என் தட்டலும் ஒன்றாகவே விழுந்தன. அவர் என் கையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சட்டென்று கேசட்டை நிறுத்தினார்.

நான் நிறுத்தவில்லை, அண்ணா. பாட்டு முடிய வேண்டிய இடம் வரை தட்டிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.