வலது பக்கத்துப் படங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவாய் என்பதால் கேட்கவில்லை. வக்கீல் கொடுத்த காகிதத்தின்படி நீ எனக்கு மருமகள் இல்லையாம். வக்கீலுக்கு என்ன தெரியும்? வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

தனி வீடு கிடைத்துவிட்டது, சனிக்கிழமை தோழி காரில் வந்து கும்பிடுபூச்சிப் பெட்டிகள் நான்கையும் வாங்கிக்கொள்வாள் என்று செய்தி அனுப்பியிருந்தாய். படித்ததும் சந்தோஷப்பட்டேன். ஆறு மாதம் ஹாஸ்டல் அறையில் மூன்று பேரோடு முட்டி மோதிவிட்டு இப்போது ஜன்னல் உள்ள வீட்டில் இருக்கப்போகிறாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்னைவிட என் வாய் முந்திக்கொள்ளும், அது நீ அறியாததா? அதனால்தான் கடிதம்.

பூச்சிகள் விவரம் சொல்கிறேன். காய்ந்த இலை மாதிரி இருக்கும் இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. அதில் ஒன்று குச்சியோடு குச்சியாக ஒட்டிக்கொண்டு, காணோம் என்று என்னை அரை நாள் தேட வைத்தது. பச்சைக்காரனுக்குக் கொழுப்பு அதிகம், மூடியைத் திறந்தாலே சண்டைக்கு வருகிறான். பெட்டிக்குள் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கிறேன்.

நான்காவது பெட்டி மகாராணியைப் பற்றித்தான் எழுத வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். பொறுமையாகப் படி.

நீ போகும்போது அவள் மிளகு அளவுதான் இருந்தாள். இங்கேயே தோல் உரித்து உரித்து, பூவிதழ் மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வளர்ந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மூடி வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். பழைய தோல் பாதி கழன்றிருந்தது. முன்கால் இரண்டும் உள்ளேயே மாட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது. தோல் உரிக்கும்போது பெட்டியைத் தொடாதீங்க, பக்கத்துல மூச்சுகூட விடாதீங்க அத்தை என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. சாமணத்தால் தோலை மெல்லப் பிடித்து இழுத்தேன். கண் ஆஸ்பத்திரியில் தினம் நூறு பேருக்குச் சொட்டு மருந்து விடுகிற கை, நடுங்காது என்ற திமிர்.

இடது முன்கால் வளைந்துபோய் வந்தது. கொஞ்ச நேரத்தில் இறக்கை மட்டும் குறையில்லாமல் விரிந்தது. இறக்கை வந்துவிட்டால் அதற்குமேல் தோல் உரிக்காது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஆகவே அந்தக் கால் இனி நிமிராது.

ஞாயிற்றுக்கிழமை படம் அனுப்பும்போதெல்லாம் வலது பக்கத்திலிருந்தே எடுத்தேன். ஏன் எல்லாப் படமும் ஒரே பக்கம் என்று நீ கேட்டாய். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் வருகிறது என்றேன். பச்சைப் பொய். நீயோ கண்ணுல ஃபோகஸ் சூப்பரா வச்சிருக்கீங்க அத்தை என்று பாராட்டிவிட்டு, பூச்சி வளர்க்கிறவர்கள் குழுவிலும் போட்டாய். யார் யாரோ வாழ்த்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

திட்டுவாய் என்று பயந்து மறைக்கவில்லை. சொன்னால் மறுநாளே ஆள் அனுப்பிப் பெட்டிகளை எடுத்துக்கொள்வாய். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என் போன் எதற்காக அடிக்கும்? அந்தப் பயம்தான்.

ஒரு காலை வைத்துக்கொண்டு அவளால் இரை பிடிக்க முடியவில்லை. அதனால் நான்தான் ஊட்டுகிறேன். ஈயைச் சாமணத்தில் பிடித்து வலது பக்கமாக வாயருகே நீட்ட வேண்டும். இடது பக்கம் நீட்டினால் தடுமாறிக் கீழே விழுந்துவிடுவாள். முதல் வாரம் என்னைக் கண்டாலே பின்வாங்கினாள், இப்போது மூடியைத் திறந்ததும் தலையைத் திருப்புகிறாள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்ணில் அந்தக் கரும்புள்ளி என்னையே பார்க்கிறது. அது வெறும் தோற்றம்தான் அத்தை, அது உங்களைப் பார்க்கலை என்று நீ விளக்கம் சொல்வாய். இருக்கட்டும், எனக்கு அது போதும்.

உன் செய்தியை என் மகனிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கிரீஸ் கையோடு நின்றுகொண்டு, எடுத்துட்டுப் போகட்டும்மா, அதோட எல்லாம் முடியட்டும் என்றான். உனக்கு முடிஞ்சுதுடா, எனக்கு எங்கே முடிஞ்சது என்று கேட்டுவிட்டேன். கை கழுவப் போய்விட்டான். உங்களைச் சேர்த்துவைக்க இதை எழுதுவதாக நினைத்துவிடாதே. ஒத்துவரவில்லை, பிரிந்தீர்கள், அது உங்கள் பாடு. என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் கறுப்புத் துணியை விரித்து நீ குப்புறப் படுத்துக்கொள்வாய். வெளிச்சம் திருப்ப நான் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூட்டு வலி உயிர் போகும், ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். பெற்ற பிள்ளையோடு அப்படி ஒரே தரையில் இரண்டு மணி நேரம் நான் உட்கார்ந்ததே இல்லை. இப்போது அட்டையை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு நானே எடுக்கிறேன். அது சரிந்து சரிந்து விழுகிறது. எனக்கு உன்னைத் தேடுகிறதடி. இதை போனில் சொல்லியிருந்தால் அழுது வைத்திருப்பேன்.

மூன்று பெட்டிகளையும் துடைத்து, மூடிகளைக் கட்டி வைத்திருக்கிறேன். உன் தோழி வந்தால் தாராளமாகக் கொடுத்துவிடுவேன். மகாராணியைக் கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பக்கம் ஊட்டுவது என்று தெரியாது, எழுதிக் கொடுத்தாலும் என் மனசு ஆறாது. இவள் உயிரோடு இருக்கப்போவதே இன்னும் இரண்டு மாதமோ மூன்று மாதமோ.

அவள் வேண்டுமென்றால் நீயே வா. சனிக்கிழமை இவன் காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குமேல்தான் வருவான். நான் லீவு சொல்லிவிட்டேன். எத்தனை திட்டு வேண்டுமானாலும் திட்டு, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். எப்படி ஊட்டுவது என்று காட்டித் தருகிறேன், கற்றுக்கொண்டு எடுத்துப் போ. வேண்டாம், அவள் இங்கேயே இருக்கட்டும், நான் வந்து வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. அதை நான் அவ்வப்போது கண்ணால் பார்க்கும்படி இரு.

இப்படிக்கு,
சனிக்கிழமை கதவைத் திறந்து வைத்திருக்கும்
உன் அத்தை