ஆறு விரல் இலை

அமரவிளை
3.10.2024

லேகாவுக்கு,

நம் சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கும் மரச்சீனி இலையை வரைந்தது யார்? ஈசாக் வக்கீல் நேற்று கேட்டார். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் வழக்கு நிற்காது என்கிறார்.

உன்னோடு போனில் பேசக் கூடாது, வாட்ஸ்ஆப்பில் எதுவும் அனுப்பக் கூடாது என்பது அவர் உத்தரவு. கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒருத்தி கடிதம் எழுதுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

எங்கள் பெத்தேல் சிப்ஸ் லோகோ முன்பே பதிவானது. நீ உன் லேகாஸ் பாக்கெட்டுக்கு அதே இலையைப் பதிவு செய்ய விண்ணப்பித்தாய். எதிர்ப்பு மனு கொடுத்தே ஆக வேண்டும் என்று ராபின்சன் நின்றார். கணவரின் பிடிவாதம் என்று நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மனுவில் இருப்பது என் கையெழுத்து.

வக்கீல் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். மரச்சீனி இலைக்கு வழக்கமாக ஐந்து விரல் இருக்கும், அல்லது ஏழு. நம் இரண்டு லோகோவிலும் ஆறு. "ஒரே தப்ப ரெண்டுபேரு தனித்தனியா செய்யமாட்டாவ. இது காப்பியாக்கும்" என்று மேசையைத் தட்டினார்.

இருபத்தெட்டாம் தேதி நான் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்த மரவள்ளி இலையை நான் மட்டுமே வரைந்தேன்' என்று அதில் இருக்கிறது. உன் பதில் மனுவில் நீயும் அதே வரியைச் சொல்லியிருக்கிறாய். படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நீ உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாயா என்று அறிய விரும்புகிறேன்.

உன் அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

விமலகுமாரி

*

காஞ்சிரங்குளம்
8.10.2024

எடீ விமலா,

'லேகாவுக்கு' என்று தொடங்கி 'விமலகுமாரி' என்று முடித்திருக்கிறாய். பாங்கிலிருந்து வந்த நோட்டீஸ் என்று அம்மா பயந்தே போனாள். நீதான் எழுதியது என்றதும், "அவளுக்கு என்ன கேடு, நேரே வாறதுக்கு என்ன?" என்று கேட்டாள். முட்டு வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

ஆமாம், நான்தான் வரைந்தேன் என்று நினைக்கிறேன். எம்.எஸ்ஸி. செய்முறைப் பரீட்சைக்கு முந்தைய வாரம். ஹாஸ்டல் அடுக்களைக்குப் பின்னால் இருந்த செடியில் நான் ஒரு இலை பறித்தேன். அதில் ஒரு விரலைப் புழு தின்றிருந்தது. மீதி ஆறு. பார்த்ததை அப்படியே நாம் சேர்ந்து எழுதிய ரெக்கார்டு நோட்டில் வரைந்தேன். சத்தியதாஸ் சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்தார். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அமரவிளையில் நாம் சேர்ந்து கம்பெனி தொடங்கியபோது, "நம்ம தப்பையே லோகோவா வைக்கலாம்" என்று சொன்னது நீ. அதை நான் மறுக்கவில்லை.

அம்மா நோயில் படுத்ததும் நான் இங்கே வந்து தனியாகத் தொடங்கினேன். நீ இலையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது போதும் என்று நினைத்துவிட்டேன். இப்போது துபாய் வியாபாரி பதிவுச் சான்று கேட்கிறார். அது இல்லையென்றால் ஆர்டர் இல்லை. பாக்கெட் போடும் ஜெஸ்னா தினமும் கேட்கிறாள்: "அக்கா, இலை நமக்கு உண்டா, இல்லியா?" அவளுக்கு என்ன சொல்லட்டும்?

உன் லேகா

*

அமரவிளை
14.10.2024

அன்புள்ள லேகா,

இந்த முறை அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்.

ராபின்சன் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். உதியன்குளங்கரைக் கடைக்காரர், காரல் வாடை வந்த பாக்கெட்டுகளை எங்களிடம் திருப்பிவிட்டார். அவை உன்னுடையவை. ராபின்சன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தார், வீட்டில்தான் கத்தினார். மறு பக்கமும் உண்டு. சபையில் சுகிர்தபாய் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விமலா, உனக்க மொளவு சிப்ஸ் கொள்ளாம் கேட்டியா. நாக்கு பொள்ளியும் விட முடியேல" என்றார். நான் மிளகாய் போட்டு ஒன்றுமே செய்வதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கதையில் எனக்கு ஒரு சிக்கல். இலையை நான் பறித்ததாகவே என் நினைவு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து வேலியில். ஏழாவது விரலைத் தின்றது புழுவல்ல, ஆடு. பென்சில் என் கையில் இருந்தது. சிவப்பு வட்டத்தைக் கண்டு சிரித்தது நீ. இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்றால் விஷயம் எளிது. அப்படித் தோன்றவில்லை. அந்த ரெக்கார்டை டிபார்ட்மென்டில் ஒப்படைத்தோம். பழைய தாள்களையெல்லாம் எப்போதோ கழித்துவிட்டார்கள். சாட்சி கிடையாது.

நேற்று பாக்கெட்டைப் பார்க்காமல் இலையை வரைந்து பார்த்தேன். நரம்புகள் ஒவ்வொன்றும் சரியாக வந்தன. விளிம்பு மட்டும் வரவே இல்லை. மழையில் நனைந்த குடை மாதிரி இருந்தது. நீயும் பார்க்காமல் வரைந்து பார்.

விமலா

*

காஞ்சிரங்குளம்
19.10.2024

எடீ,

காரல் வாடை வந்தது என் தப்பு. எண்ணெய் மாற்றிய வாரம் அது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கடைக்கு வந்து பாக்கெட்டுகளை எடுத்திருப்பேன். ராபின்சன் அண்ணனிடம் சொல். வேண்டாம், சொல்லாதே, வக்கீலிடம் போய்ச் சொல்லுவார்.

வரைந்தேன். விளிம்பு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஆறு விரலும் அச்சு மாதிரி. நரம்பு போடும்போது கை நின்றுவிட்டது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். ஜெஸ்னா வந்து, "அக்கா, கரைஞ்சியளா?" என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். எங்கள் கம்பெனியில் வெங்காயமே கிடையாது.

உங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை இருபத்தேழாம் தேதி என்று போஸ்டர் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் நீ காணிக்கையாகக் கொண்டு வைக்கும் மரச்சீனிச் செடியை ஏலத்தில் எடுப்பது நான்தான். இந்த வருஷம் ஏலம் கூறுவது ராபின்சன் அண்ணன் என்றால், அவர் முன்னால் எந்த முகத்தோடு கை தூக்குவேன்? வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

லேகா

*

அமரவிளை
26.10.2024, சனிக்கிழமை

அன்புள்ள லேகா,

முப்பது வருஷத்துக்குப் பிறகு கைக்கு எது நினைவிருக்கிறது என்பது எந்த அலுவலகத்திலும் சாட்சியாகாது. எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்த வரியில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. 'நானும் லேகாவும் வரைந்தோம். யார் எந்தப் பகுதியை என்று நினைவில்லை' என்று மாற்றச் சொன்னேன். ஈசாக் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு மனுவ நாமளே கிழிச்சுப் போடலாமே டீச்சரே" என்றார். "அப்படியானால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்" என்றேன். கல்லூரி வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிறது, இன்னும் டீச்சர்தான்.

ராபின்சனிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் உப்பு மட்டும் கேட்கிறார். இன்று காலையில், "பாக்கெட்டுல ஊரு பேர பெருசா போடச் சொல்லு. அமரவிளை, காஞ்சிரங்குளம், வாங்குத ஆளு அறியணும்" என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது. உனக்கு?

மரச்சீனியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், இலையோடு. நாளை நீ வருவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

27.10.2024, ஞாயிறு

மேலே உள்ளதை நான் தபாலில் போடவில்லை. நீ வந்துவிட்டதால் இனி அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் நம் இருவரின் நினைவையும் நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு, இன்று நடந்ததை இன்றே எழுதி வைப்பது நல்லது.

ஆராதனை முடிந்து ஏலம் பாதி ஆனபோது நீ வந்தாய். நான் பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் இருந்தேன், எழுந்திருக்கவில்லை. என் மரச்சீனி மூடு, கிழங்கும் இலையுமாக, ஏலத்துக்கு வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து ஜெயதாஸ் முதலில் விலை கேட்டார். நீ கையைத் தூக்கினாய். ஏலம் கூறிக்கொண்டிருந்த ராபின்சன் உன்னைப் பார்த்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"காஞ்சிரங்குளத்துக் கம்பெனி கேட்டிருக்கு. யாருக்காவது எதிர்ப்பு உண்டா?"

சபையில் விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களும் சிரித்தார்கள். ஜெயதாஸ் கையைக் கீழே இறக்கினார்.

"ஒருதரம். ரெண்டுதரம். எதிர்ப்பு இல்ல, கேட்டுதா விமலா? மூணுதரம்!"

வெளியே புளிமரத்தடியில் நாம் செடியைக் கிடத்தி இலைகளை எண்ணினோம். ஐந்து விரல் இருந்தது, ஏழு இருந்தது. ஒன்றில்கூட ஆறு இல்லை. "அப்போ நம்ம இலை உலகத்துல எங்கயும் இல்லியா எடீ?" என்று கேட்டாய். நான் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

உன் பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது. இலைப் பக்கத்தை நீ பிடித்தாய், கிழங்குப் பக்கத்தை நான் பிடித்தேன். சாலை வரை தூக்கிக்கொண்டு போனோம்.

இதில் பிழை இல்லையென்றால் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு.

விமலா