கதவருகே நின்று கூப்பிடுகிறாள்

எங்கள் வீட்டுப் பட்டாளக்காரிக்கு,

இந்த விடுமுறைக்கு முகாமிலேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். காரணம் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. போன முறை உன்னை எழுப்ப வந்தபோது உன் கை பட்டு நம் சின்னவளுக்கு உதட்டில் ஏற்பட்ட காயம் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை. வாய் மட்டும் முன்னைவிட நீளம்.

படைவீரர் குடும்ப உதவி மையத்தில் புதன்கிழமைதோறும் வகுப்புக்குப் போகிறேன். இருபது மனைவிமாருக்கு நடுவே நான் ஒருவன்தான் கணவன். பதிவேட்டில் ‘மனைவியின் கையொப்பம்’ என்ற இடத்தில் கூச்சமே இல்லாமல் போட்டுவிட்டேன்.

அங்கே ஆலோசகர் அம்மா சொன்னார்: “சண்டை நடந்த இடத்துல இருந்தவங்களுக்கு முதல்ல உடம்புதான் முழிச்சுக்கும், அவங்க அப்புறம்தான். தொட்டு எழுப்பாதீங்க. கதவுகிட்ட நின்னு கூப்பிடுங்க.”

சின்னவள் தினமும் பயிற்சி எடுக்கிறாள். நான்தான் அம்மாவாகப் படுத்துக்கொள்கிறேன். நேற்று வேண்டுமென்றே எழாமல் கிடந்தேன். “அம்மா, நான்தான்” என்று ஏழு முறை கூப்பிட்டாள். பக்கத்தில் வரவே இல்லை. கடைசியில் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, அவ்வளவுதானா?” என்றேன்.

“அம்மா மெதுவா முழிக்கட்டும்ப்பா. நான் இங்கதானே இருக்கேன்.”

நாங்கள் தயார். விடுமுறைக்கு வந்து சேர்.

பதிவேட்டின்படி மனைவியான,
உன் வீட்டுக்காரன்