மூசாக்கனியின் மணம் முறிக்கக் கேட்ட வழக்கு

செம்பவள நாட்டைத் தம் குடைக்கீழ் வைத்துக் காக்கும் மாறவேள் மகாராயர் திருவுளப்படி, தலைமை மந்திரி குலவேந்திரப் பல்லவரையன், வாலிமுனைத் துறைக்காவலர் நயினாத்தேவருக்கு எழுதிவிடுத்த ஓலை. உம் கடல் அடங்கியிருக்கவும், போன தோணியெல்லாம் கரையேறவும், பள்ளிவாசலிலும் கோயிலிலும் விளக்கு அணையாதிருக்கவும் வாழ்த்துகிறோம்.

உம் விண்ணப்பம் வந்தது. நீளம் அதிகம், செய்தி கொஞ்சம். ஆகவே வழக்காளிகளை அழைப்பித்து நாமே விசாரித்தோம்.

முத்துக் குளிப்பவனின் இடுப்புக் கயிற்றை அவன் தங்கையின் கணவனே தோணியிலிருந்து பிடிப்பது உம் துறையின் வழக்கம். மனைவியின் அண்ணனைக் கடலில் விட்டுவிட்டு வீடு திரும்ப எவனுக்கும் முகமிராது என்பது அதன் காரணம். அவ்வாறே அசனார் என்னும் குளியாளின் கயிற்றை, அவன் தங்கை மைமூனத்தின் கணவன் மூசாக்கனி பிடித்து வருகிறான். பருவம் திறக்கையில் கயிறு பிடிப்போர் திருக்குர்ஆன்மீது கைவைத்து ஆணையிடுவர். இவ்வாண்டு மூசாக்கனி மறுத்தான். கயிற்றை ஒருக்காலும் விடுவதில்லை என்று வாய்ச்சொல் தந்தவன், மார்க்கத்தில் தனக்கு ஐயம் புகுந்து சில பருவங்கள் ஆயின என்றும், நம்பாத கையை வேதத்தின்மேல் வைப்பது பொய்யாகும் என்றும் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டான். வாயை மூடிக் கைவைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

இறையச்சமில்லாதவனிடம் பெண் இருக்கலாகாது, மணத்தை முறிக்கவேண்டும் என்று ஊரார் கிளம்பினர். முன்னே நின்றவன் அசனார். மார்க்க வழக்குகளில் தீர்ப்புரைக்கும் காழியார் அப்துல் வதூது நிதானஸ்தர். ஐயுற்றவன் வேறு, மார்க்கத்தையே மறுத்துப் போனவன் வேறு என்றும், தாம் இன்னும் தீர்ப்புரைக்கவில்லை என்றும் அவர் தெரிவித்தார். அவர் மார்க்க நூலில் நாம் கைவைப்பதற்கில்லை.

ஒருமுறை கைவைத்துவிட்டால் தொல்லை தீருமே, கணவனை இணங்கச் செய் என்று மைமூனத்திடம் நாமே சொல்லிப் பார்த்தோம். அவள் மறுமொழியை அவள் வாயில் வந்தபடியே எழுதச் செய்தோம்: "நான் அஞ்சு வேளை தொழுறவ. மறுமையில அவரு எங்கயோ நான் எங்கயோன்னு அழாத நாளில்ல. அதுக்கு நான் துஆ கேட்டுக்கிறேன். ஆனா பொய்யா கைய வைக்கச் சொல்லி நானே அவர அனுப்பினா, அப்புறம் அவரு சொல்ற எந்தப் பேச்ச நான் நம்புறது? என்னய அவருகிட்டேயிருந்து பிரிக்காதீங்க."

சொன்னதை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டோம். அது எம் வழக்கமில்லை.

பின்பு அசனாரை அழைத்து, ஐயம் புகுந்த பின்னும் அவன் பிடித்த கயிற்றில்தானே நீ மூழ்கி எழுந்தாய் என்று கேட்டோம். ஆம் என்றான். ஆணையிட்ட பக்திமான்கள் பலர் இருக்க, இப்பருவம் யார் கையில் கயிறு கொடுப்பாய் என்றோம். "மச்சான் கையிலேயே இருக்கட்டும்" என்றான். சொன்ன கையோடு, தங்கையை மட்டும் மீட்டுத் தரும்படி மறுபடியும் வேண்டினான்.

தன் உயிருக்கு ஆகும் கை தங்கைக்கு ஆகாமற்போன நியாயம் எமக்கு விளங்கவில்லை. ஆதலின் கட்டளை: மூசாக்கனி வேதத்தின்மேல் ஆணையிடாமலே கயிறு பிடிக்கலாம். மணத்தை முறிக்கச் சொல்பவன், அசனாரேயாயினும், முதலில் வேறொருவன் கையில் கயிறு கொடுத்துக் கடலின் அடிதொட்டு எழுந்துவந்து கேட்கட்டும். அதுவரை மைமூனத்தின் வாசலில் எவரும் நிற்கலாகாது.

இது சங்கு முத்திரையிட்ட அரச ஆணை. துறையில் எல்லோரும் கேட்கப் படிப்பித்து, இதன்படி நடத்துவீராக.