முப்பத்தெட்டு வீட்டுப் பெயர்

மர்பி டவுன், பெங்களூர்
14 செப்டம்பர் 1998

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் படிக்க ஆவலாக இருக்கிறோம். இந்த வருஷம் மழை விட்டபாடில்லை, பின்சுவரில் ஈரம் ஏறி சுண்ணாம்பு உரிகிறது. உன் தம்பி ரவிக்குமார் ஈஜிபுராவில் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியோடு வருகிறான், துவைத்த துணியோடு போகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அதை மறந்துவிட்டுத் தெரு முழுக்க நடந்து, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு ஜெர்மனியில் என் பெயரையே குடும்பப் பெயராக வைக்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, என் பெயரின் முதல் எழுத்து உன் பெயருக்கு முன்னால் நின்றது, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்துப் போட்டார்கள், அங்கே போய் இறங்கியதும் பச்சைமுத்து உன் குடும்பப் பெயராகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் நீ அதை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது பிள்ளை பிறந்தால் உன் பெயர், மாப்பிள்ளை பெயர் இரண்டில் ஒன்றைப் பதிவு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், உன் பெயரையே கொடு என்று மாமனார் பெருந்தன்மையாகச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானது, விசாரிக்காமல் எழுத எனக்கு வராது.

உன் மாமனார் எர்வின் போன மாதம் இங்கே மெஷின் கண்காட்சிக்கு வந்தபோது வீட்டுக்குச் சாப்பிட வந்ததை அம்மா எழுதியிருப்பாள், நடந்ததில் பாதியை எழுதியிருக்க மாட்டாள். அம்மா கறிக்குழம்பும் வடையும் செய்திருந்தாள். தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டுச் சின்னத்தாயி அம்மாவைப் பார்த்து, சந்திரம்மா, உன் சம்பந்தி சாப்பிட்ட தட்டைக் கழுவிடாதே, ஷோகேசில வை, நாங்கல்லாம் வந்து பார்க்கணும் என்று சத்தமாகவே சொன்னாள். மனிதர் ஒன்றும் புரியாமல் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் குடும்பப் பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாஸன்ஹூபர் என்ற பெயர் ஜெர்மனி முழுக்க டெலிபோன் புத்தகத்தில் முப்பத்தெட்டு வீடுகளுக்குத்தான் இருக்கிறதாம், எல்லாம் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே உள்ள ஒரே ஊரிலிருந்து கிளம்பியவையாம், வாஸன் என்றால் புல்வெளியாம், ஊருக்கு வெளியே இருந்த பெரிய புல்வெளியை அவருடைய முன்னோர்கள் வைத்திருந்ததால் வந்த பெயராம். வருஷா வருஷம் அந்தப் பெயர்க்காரர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிடுவார்களாம். பச்சைமுத்து எத்தனை வீடு என்று கேட்டேன். ஒன்று, உங்கள் மகள் மட்டும் என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளையின் நிறமும் முகமும் எப்படி இருக்கும் என்று தெரியாது, கூட்டத்தில் எல்லாரும் பார்ப்பார்கள், அந்தப் பிஞ்சுக்கு எதற்குச் சங்கடம், உங்கள் பெயரையே வைக்கும்படி நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அவள் கேட்பாள் என்றார். அம்மா அப்போது அவர் தட்டில் இன்னொரு வடை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் புரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஜெர்மன் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பன் ஓஸ்வால்டைக் கேட்டேன், அவன் சொன்னதை மட்டும் நம்பாமல் என் பழைய பத்திரிகை ஆபீஸ் மூலமாக அந்தப் பக்கத்துச் சரித்திரப் பேராசிரியர் ஒருவருக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். புல்வெளி உண்மைதான். அந்த மாதிரிப் புல்வெளியில் யாரும் மாடு மேய்க்கவில்லை. ஊரில் செத்துப்போன மாட்டையும் குதிரையையும் இழுத்துக்கொண்டு போய்த் தோலை உரித்து மிச்சத்தைப் புதைக்கிற இடம் அது, அதை வைத்திருந்தவர்களுக்கு அதுதான் தொழில். அவர்கள் தொட்டதை ஊரார் தொடமாட்டார்கள். சர்ச்சில் கடைசியில் தனி பெஞ்சு. சாராயக் கடையில் அவர்களுடைய குவளை தனியாக ஓர் ஆணியில் தொங்கும். அவர்கள் வீட்டில் யாராவது செத்தால் தூக்க ஆள் வராது. படித்துவிட்டு ஃபேக்ஸ் தாளை மடித்து வைத்தேன். முன்பு ஆனேக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு டீக்கடைத் தனி கிளாஸ் பற்றி எழுதப் போய், என் ஜாதியைக் கேட்டுவிட்டு அதே கிளாஸில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டுத்தான் செய்தி எழுதினேன். எனக்கு ஆணி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அவரிடமே போய், இப்படிச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட வேண்டும், அதுதான் எங்கள் தொழில் முறை. அவர் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் ஓட்டலுக்குப் போய்க் கேட்டேன். தெரியாது என்பார், அல்லது கோபப்படுவார் என்று நினைத்தேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தெரியும் என்றார். சின்ன வயதிலிருந்தே தெரியுமாம், முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியுமாம், கூட்டத்தில் யாரும் அதைப் பேசமாட்டார்களாம். அந்த நாற்றத்தைப் பெயரிலிருந்து கழுவி எடுக்க எங்களுக்கு எத்தனை தலைமுறை ஆனது, இப்போதுதான் மற்றவர்களைப் போல ஆகியிருக்கிறோம், மறுபடியும் எங்களை ஒரு மாதிரிப் பார்க்கும்படி ஆக வேண்டுமா, உங்களுக்கே புரியும் என்றார். நம் ஜாதியை உன் மூலமாகத் தெரிந்துகொண்டு, எனக்கே புரியும் என்றுதான் என்னிடம் வந்திருக்கிறார், ரூபினி. தெரியாமல் ஒதுக்குகிறவனை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்ட இடத்தைத் தெரிந்துகொண்டே அதே இடத்தில் அடிக்கிறவனை அன்றைக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

நான் அவருக்குச் சொன்னது இது. என் தாத்தா இந்தக் கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் லாயத்துக்குப் பின்னால் செத்த குதிரைக்குத் தோல் உரித்தவர். ஊர் உலகம் என் மகளும் உங்கள் மகனும் கலப்புக் கல்யாணம் செய்துகொண்டதாகப் பேசுகிறது, அதெல்லாம் ஒன்றுமில்லை, சொந்த ஜாதிக்குள்தான் நடந்திருக்கிறது, முறைப்படி நான் உங்களிடம் பரிசம் கேட்டிருக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பக்கத்து மேஜையில் அவருடைய கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அழ ஆரம்பித்தார். ஆள் அழும்போது எழுந்து போகாமல் இருக்க எனக்குப் பழக்கம் உண்டு, உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும், பிள்ளைக்கு உங்கள் பெயர்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். விஷயம் தெரிந்ததும் அம்மா சண்டைக்கு வந்தாள். வீடு தேடி வந்தவரை அழ வைக்கிற வாய் உங்களுக்கு, பிள்ளை பெறப்போகிறவளை நினைச்சீங்களா, நாளைக்கு அவள் அந்த வீட்டில்தானே இருக்கணும் என்று கேட்டாள். நினைத்தேன். நினைத்துத்தான் சொன்னேன். எனக்கு வருத்தம் இல்லை.

மாப்பிள்ளை மத்தியாஸ் உன் இஷ்டப்படி செய் என்று சொன்னதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அது சம்மதம் இல்லை ரூபினி, அது நகர்ந்து நிற்பது. அவனுக்கும் அந்தப் புல்வெளி தெரியும். அவனிடம் கேள், கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார், கண்ணை வேறு பக்கம் திருப்பினால் அதையும் தெரிந்துகொள். பிரசவத்துக்கு முன்னால் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறீர்கள் என்று நீ அழலாம். பிரசவத்துக்குப் பிறகு எழுதினால் பெயர் பதிவாகியிருக்கும்.

என் பெயர் கடல் தாண்டி ஒரு பிள்ளைக்கு நிற்கும் என்பதில் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். உன் கடிதம் வந்த அன்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அல்சூர் ஏரி வரை நடந்துவிட்டு வந்தேன். ஆனால் அவர் தருவது மரியாதை இல்லை, கடைசியில் போட்ட தனி பெஞ்சு. அதில் என் பெயரைச் செதுக்கிக் கொடுக்கிறார். என் பேரப்பிள்ளை அதில் உட்காரக் கூடாது. முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் கூடிச் சாப்பிடும் இடத்தில் அது நடுவில் உட்கார்ந்து, உன் பெயர் என்ன என்று கேட்டால் அவர்கள் பெயரையே அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, கனமானதைத் தூக்காதே, ஐஸ் விழுந்த நடைபாதையில் தனியாகப் போகாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். பதிவு ஆபீசுக்குப் போய் வந்ததும் மறக்காமல் எழுது. வாஸன்ஹூபர் என்று எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு எழுது. பச்சைமுத்து என்று எழுதியிருந்தால் அம்மாவுக்கு மட்டும் எழுது, நான் பிரிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பச்சைமுத்து